நீந்த மறந்த பாக்டீரியா

ஒரகடம் பக்கத்தில் பூச்சிக்கொல்லி தயாரிக்கும் சின்னக் கம்பெனி ஒன்றில் எனக்கு லேப் வேலை. ரசாயனம் இல்லை, பாக்டீரியா. மண்ணில் நெளியும் நூற்புழுவின் வயிற்றில் ஏறிப்போய், பயிரைத் தின்னும் வேர்ப்புழுவின் உடம்புக்குள் இறங்கும். அங்கே நீந்திப் பரவி அதன் கதையை முடித்துவிடும்.

நான் வாடகைக்கு இருந்த வீட்டுக்காரம்மாவின் கடலைக் கொல்லையில் வேர்ப்புழு விழுந்திருந்தது. இந்தப் போகமும் போனால் நிலத்தை லாரி நிறுத்த வாடகைக்கு விட்டுவிடுவேன் என்று ஃபேக்டரிக்குப் போகும் மகன் கறாராகச் சொல்லியிருந்தான். எங்கள் கம்பெனிப் பாக்கெட்டை வாங்கி வீட்டுக்காரம்மாவிடம் கொடுத்தேன்.

"உன்னத்தான் நம்பிகினு கீறேன், பாத்துக்கோ" என்றார்.

புழு சாகவில்லை. செடியைப் பிடுங்கினால் வேரைக் காணோம், புழு மட்டும் கொழுகொழுவென்று சுருண்டு கிடந்தது. மேனேஜரிடம் போய்க் கத்தினேன்.

"மண்ணுல ஈரம் இருந்திருக்காது" என்றார்.

"தண்ணி பாய்ச்சினதை நானே பார்த்தேன் சார். கதை விடாதீங்க."

ஃப்ரீசரில் வைத்திருந்த பழைய பாக்டீரியாவையும் இப்போது வளர்ப்பதையும் நீந்துகிறதா என்று பார்க்க, இளகலான ஜெல்லி ஊற்றிய இரண்டு தட்டுகளில் தனித்தனியே வைத்தேன். மறுநாள் பழையது தன் தட்டு முழுக்கப் பரவியிருந்தது. இப்போது வளர்ப்பது வைத்த இடத்திலேயே குந்தியிருந்தது.

லேபில் ஒரு பழக்கம். புதுத் தட்டுக்கு மாற்றும்போது, பரவி வழிந்ததை ஒதுக்கிவிட்டு, பொட்டு வைத்தாற்போல் தனியாக நிற்பதையே எடுப்பார்கள். எடுக்கச் சுலபம். மேனேஜரும் போட்டோ பிடித்துத் தலைமை அலுவலகத்துக்கு அனுப்புவார். பரவாமல் நிற்பவை ஜீன் கெட்டவை. வாலாட்டி நீந்தச் சொல்லும் ஜீன்தான் நஞ்சைச் சுரக்கவும் சொல்கிறது. அது கெட்டால் இரண்டும் போச்சு. வீரியமானதையெல்லாம் அசிங்கம் என்று கொட்டிவிட்டு, சோம்பேறிகளைச் சோறு போட்டு வளர்த்திருக்கிறோம். பாக்கெட்டில் எத்தனை இருக்கிறது என்று பார்த்தார்களே தவிர, கொல்கிறதா என்று ஒருத்தரும் பார்க்கவில்லை.

பழையதிலிருந்து மறுபடி வளர்த்தோம். அந்தக் கொல்லையில் எடுத்த புழுக்கள் மேலேயே போட்டுப் பார்த்தேன். எல்லாம் செத்தன. அழுகையே வந்துவிட்டது. புதுப் பாக்கெட்டோடு கொல்லைக்கு ஓடினேன்.

வீட்டுக்காரம்மா வரப்பு இருந்த இடத்தில் நின்றிருந்தார்.

"இது கொல்லும்மா. நானே பார்த்துட்டேன்."

பாக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இன்னாத்தக் கொல்லப் போற கண்ணு? ஜல்லி கொட்டியாச்சு. கீய கீற புழுவும் தன்னால செத்துடும்."

பாக்கெட்டை என் கையிலேயே வைத்துவிட்டு, பின்னால் வந்த லாரிக்கு வழிவிட்டு ஒதுங்கி நின்றார்.