இரண்டு வினாடி இடைவெளி

மதிவதனி என்ன வேலை பார்க்கிறாள் என்று அவள் மாமியார் சொர்ணத்துக்கு இன்றுவரை யாராலும் புரியவைக்க முடியவில்லை. "கம்ப்யூட்டர்ல இன்னாத்தயோ தட்டிகினு கீறா" என்று பக்கத்து வீட்டில் சொல்லிவிடுவாள். நாமாவது கொஞ்சம் தெரிந்துகொள்வோம். பின்னால் வரப்போகிற வினைக்கு அது வேண்டும்.

ஓடிக்கொண்டிருக்கிற ஒரு புரோகிராமை நடுவில் நிறுத்தி, உள்ளே எங்கே கோளாறு என்று பார்க்க உதவுகிற கருவிக்கு டீபக்கர் என்று பெயர். அம்பத்தூர் எஸ்டேட்டில், லேத் பட்டறைகளுக்கு நடுவே ஒரு மாடிக் கட்டடத்தில், அப்படியொரு டீபக்கரைச் செய்து விற்கிறது ஒரு சின்னக் கம்பெனி. எழுதுகிறவர்கள் வேறு, எழுதியது ஒழுங்காக வேலை செய்கிறதா என்று சோதிப்பது மதிவதனி. அவள் பங்குக்கு வந்தது இருப்பதிலேயே வம்பு பிடித்த பகுதி. சில புரோகிராம்கள் சும்மா ஓடாது. ஓடும்போதே தன்னைப் போல இன்னொன்றைப் பெற்றுப் போடும். பெற்றது தாய், பிறந்தது பிள்ளை. தாயைப் பிடித்துக்கொள், பிள்ளைகளை விட்டுவிடு என்று டீபக்கருக்குச் சொன்னால், பிறந்த ஒவ்வொரு பிள்ளையையும் அது உடனே கைவிட்டு ஓடவிட வேண்டும். ஒன்றை விட மறந்தால் போச்சு. அந்தப் பிள்ளை சாகவும் சாகாது, ஓடவும் ஓடாது, அப்படியே நிற்கும். தாயும் அது முடிக்கட்டும் என்று காத்துக்கொண்டே கிடக்கும்.

முத்தாபுதுப்பேட்டைப் பக்கம் அடுத்தவர் வயலில் நாற்று நட்ட குடும்பம் அவளுடையது. அப்பா மண்வெட்டியை வைத்துவிட்டுத் தொழிற்சாலைக் கேட்டில் காவலுக்கு நின்று இவளைப் பாலிடெக்னிக் வரை படிக்க வைத்தார். கட்டிக்கொடுத்த இடம் சேக்காடு. புருஷன் செல்வகுமார் பட்டறையில் லேத் ஓட்டுகிற டர்னர். வேலையில் மதிவதனி கெட்டி. அவள் ஒன்றைப் பாஸ் என்று சொன்னால் பாஸ்தான் என்று ஆபீஸே சொல்லும். அந்தப் பேர்தான் அவளைக் குழியில் தள்ளியது.

அந்தக் கம்பெனியில் ஒரு வழக்கம். புதுப் பதிப்பு வெளியாகிற வெள்ளிக்கிழமை, சுவரிலிருக்கும் பெரிய திரையில் எல்லாச் சோதனையும் பச்சையாக விழுந்தால்தான் யாரும் கிளம்பலாம். ஒன்று சிவந்தாலும் மொத்தக் கூட்டமும் உட்கார வேண்டும். பச்சை விழுந்ததும் கீழே டீக்கடையிலிருந்து சமோசா வரும். அன்று சிவந்தது மதிவதனியின் சோதனை. அதுவும் நிலையாகச் சிவக்கவில்லை. ஒரு தடவை ஓட்டினால் சிவப்பு, மறுதடவை பச்சை. ஏதோ ஒரு பிள்ளை எப்போதோ சிக்கிக்கொள்கிறது. அந்தப் பகுதியை எழுதிய அய்யாசாமியைக் கூப்பிட்டுக் காட்டியிருக்க வேண்டும். அதுதான் முறை. ஆனால் அன்றைக்குச் சாயங்காலம் அவள் தம்பி பெண்டாட்டிக்கு வளைகாப்பு. நாத்தனார் வந்துதான் முதல் வளையல் போட வேண்டும். போன் மேல் போன். சுற்றிலும் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு அவள் முகத்தையே பார்க்கிற கூட்டம்.

அவள் என்ன செய்தாள் தெரியுமா? சோதனைக்குள் இருந்த குட்டிப் புரோகிராமில், ஒரு பிள்ளைக்கும் அடுத்த பிள்ளைக்கும் நடுவே இரண்டு வினாடி சும்மா நில் என்று ஒரு வரி சேர்த்தாள். அவ்வளவுதான். டீபக்கருக்கு மூச்சுவிட நேரம் கிடைத்தது, ஒவ்வொன்றாக நிதானமாக விட்டது. பச்சை! கைதட்டல். திங்கட்கிழமை எடுத்துவிடலாம் என்று அவள் ஆட்டோ பிடித்து ஓடினாள். திங்கள் வந்தது. எடுத்தால் சிவக்கும், சிவந்தால் வெள்ளிக்கிழமை எப்படிப் பச்சையானது என்று கேட்பார்கள். நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளினாள். தும்பை விட்டுவிட்டு அப்புறம் வாலைப் பிடிக்கவும் பயம்.

அந்த வாரமே அய்யாசாமி அவள் இடத்துக்கு வந்தார். கோவில்பட்டிக்காரர், பட்டாபிராமில் ஃபிளாட் வாங்கிக் குடியிருப்பவர், கம்பெனியில் எல்லாரையும்விட வயதில் மூத்தவர்.

"மதி, பிள்ளைங்க சடசடன்னு பொறந்தா நான் எழுதுன புரோகிராம் கோடு தடுமாறுமோன்னு ஒரு சந்தேகம். ஒன் டெஸ்ட்ல ஏதும் ஆட்டம் காட்டுச்சாம்மா?"

வாய் வரைக்கும் வந்தது. வந்ததை விழுங்கிவிட்டு, "இல்ல சார், ஸ்டெடியா போவுது" என்றாள். "அப்ப எனக்குத்தான் பிரமை" என்று சிரித்துக்கொண்டே போனார். படுபாவி, அப்போதாவது சொல்லியிருக்கக் கூடாதா?

பதிப்பு வாடிக்கையாளர்களிடம் போய்ச் சேர்ந்தது. பெரிய வாடிக்கையாளர் ஒருவர், ஓடிக்கொண்டிருந்த தன் புரோகிராமில் இந்த டீபக்கரை மாட்டினார். அது சடசடவென்று பிள்ளை பெறுகிற ரகம். பாதிப் பிள்ளைகள் அந்தரத்தில் நின்றுவிட, அவர்கள் வேலையே முடங்கிப் போனது. புகார் வந்தது. மேனேஜர் நிவேதிதா அய்யாசாமியைக் கூப்பிட்டுக் கண்டுபிடியுங்கள் என்றாள். பாவம் மனிதர், எதை வைத்துத் தேடினார்? மதிவதனியின் சோதனையை வைத்துத்தான். காலையில் ஓட்டுவார், பச்சை. மத்தியானம் ஓட்டுவார், பச்சை. அவள் எழுதும்போது அவரும் கூட உட்கார்ந்து பார்த்த சோதனை அது, மனப்பாடம். திறந்து பார்ப்பானேன்? பச்சையாக இருக்கிற சோதனையை உலகத்தில் யாருமே திறந்து பார்ப்பதில்லை. வாரக்கணக்கில் தேடியும் கிடைக்காமல் போகவே, ஆளுக்கு வயதாகிவிட்டது, மாற்றிவிடலாம் என்று மேலிடம் முடிவு செய்தது. மாதக் கடைசியோடு விலகிக்கொள்ளச் சொல்லிவிட்டார்கள்.

அன்று சாயங்காலம் பட்டரவாக்கத்தில் ரயில் ஏறும்போது, லேடீஸ் பெட்டியை விட்டுவிட்டு அவர் ஏறிய பெட்டியில் ஏறினாள். சொல்லிவிடுவது என்றுதான் ஏறினாள்.

அவர் முந்திக்கொண்டார். "ஒனக்கும் சங்கடம் குடுத்துட்டேன்மா. நல்ல டெஸ்ட் எழுதியும் என் கோடால கெட்ட பேரு. முன்ன மாதிரி மண்டை ஓட மாட்டேங்கு. வீட்டுக்காரி கமலத்துட்ட சொன்னேன். அவ டாக்டருக்குப் போன் போட்டு வச்சிருக்கா, மறதி நோயோ என்னமோன்னு. எங்கப்பாவுக்கும் இருந்துச்சு."

அண்ணனூரில் வண்டி நின்றது, கிளம்பியது. மதிவதனி ஆவடியில் "வரேன் சார்" என்று மட்டும் சொல்லி இறங்கினாள்.

வீட்டில் தட்டில் போட்ட சோறு அப்படியே இருந்தது. செல்வகுமார் பார்த்துவிட்டு, "இன்னாம்மே, மூஞ்சி ஒரு மாதிரி கீது?" என்றான். சொன்னாள். முழுக்கச் சொன்னாள்.

அவன் யோசித்தான். "கம்முனு இரு. அவுரு படிச்ச படிப்புக்கு வேற எடம் கெடச்சிரும். உன்ன தூக்கினா நாம இன்னா பண்றது? ஊட்டு லோன் கீது."

"அவரு தனக்குப் பைத்தியம் புடிக்குதுன்னு நம்பிகினு கீறாருய்யா. என்னாலதான்யா."

"நீ இன்னா வேணும்னேவா பண்ண?"

"மொத நாளு வேணும்னு பண்ல. அப்பறம் தெனமும் வேணும்னுதான் பண்ணேன்."

அவன் மோர் ஊற்றிக்கொண்டு சாப்பிட்டு எழுந்தான்.

மறுநாள் காலையில் அவள் நிவேதிதாவிடம் போய், அய்யாசாமி சாரையும் கூப்பிடுங்கள் மேடம் என்றாள். இருவரும் பின்னால் நிற்க, சோதனையைத் திறந்து அந்த ஒரு வரியை அழித்தாள். ஓட்டினாள். சிவப்பு. மறுபடி ஓட்டினாள். சிவப்பு.

"இது யார் போட்டது?" என்றாள் நிவேதிதா.

"நான்தான் மேடம். வளைகாப்புக்குப் போணும்னு போட்டேன். எடுக்கவே இல்ல. சார் வந்து கேட்டப்ப பொய் சொன்னேன்."

நிவேதிதா முகம் கடுகடுத்தது. அய்யாசாமி அதையெல்லாம் காதில் வாங்கவே இல்லை. திரைமேல் கவிழ்ந்துவிட்டார். "அந்தா! அந்தா பாரு, அந்த எடம்தான்! ஒண்ணை விடுறதுக்குள்ள அடுத்தது பொறந்துருது. நான் சொன்னேன்ல!" பரீட்சையில் பாஸான பையன் மாதிரி முகமெல்லாம் பல். அப்புறம்தான் மெல்லத் திரும்பி அவளைப் பார்த்தார். சிரிப்பு வடிந்துவிட்டது.

"அன்னைக்கு வந்து கேட்டேனேம்மா."

அவளுக்கு அழுகை வந்தது. மன்னிச்சிடுங்க சார் என்றாள். அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் எவ்வளவோ தேவலை. "என் மூளையைவிட ஒன் டெஸ்டைத்தான் நம்புனேன்" என்று சொல்லிவிட்டுத் தன் இடத்துக்குப் போய்விட்டார்.

மத்தியானத்துக்குள் அவர் கோளாறைச் சரி செய்துவிட்டார். அவரை விலகச் சொன்ன பேச்சை மேலிடம் திரும்ப வாங்கிக்கொண்டது. மதிவதனிக்கு எச்சரிக்கை, அந்த வருஷம் சம்பள உயர்வு கிடையாது, வேலை மட்டும் தப்பியது. செல்வகுமார் சாமிக்குத் தேங்காய் உடைத்தான்.

அய்யாசாமி இப்போதும் அவளோடு நல்லபடியாகத்தான் பேசுகிறார். தம்பி குழந்தைக்கு என்ன பேர் வைத்தீர்கள் என்று விசாரிக்கிறார். வெள்ளிக்கிழமைகளில் அவள் போய், "சார், என்னுது எல்லாம் பச்சை" என்பாள். "சரிம்மா" என்று தலையாட்டுவார். பிறகு அவள் எழுதிய சோதனையைத் திறந்து வைத்துக்கொண்டு முதல் வரியிலிருந்து படிக்க ஆரம்பிப்பார். அவர் படித்து முடிக்கிறவரை அவள் நகராமல் அங்கேயே நிற்பாள்.