ஐந்தாம் மாடிக் குழந்தையின் எடை

சத்துமாவு குழந்தைகளை வளர்க்கிறதா என்று ஆராயும் நிலையத்தில், அளவுக்காரம்மா பதினொரு வருடமாகக் குழந்தைகளின் எடையும் உயரமும் எடுக்கிறாள். முழங்கால் வலி வந்தபின், லிஃப்ட் இல்லாத கட்டடத்தின் ஐந்தாம் மாடிக் குழந்தைக்கு மட்டும் ஆறு மாதமாகத் தன் வீட்டில் உட்கார்ந்தே அட்டையை நிரப்பினாள். அட்டையில் வளர்ச்சி வளைகோடு அழகாக ஏறியது. நிஜக் குழந்தைகள் அவ்வளவு ஒழுங்காக வளர்வதில்லை.

சந்தேகப்பட்ட மேலாளர் ஒரு காலையில் எடை மிஷினோடு அவள் கூடவே கிளம்பிவிட்டார். இன்றோடு வேலை போச்சு என்று நினைத்தபடி அவள் மூச்சு வாங்க ஏறினாள்.

மிஷின் எட்டு கிலோ நானூற்று முப்பது கிராம் காட்டியது. நேற்று அவள் அட்டையில் எழுதிய அதே எண். உயரமும் இம்மி பிசகவில்லை.

"உங்களைப் போய் சந்தேகப்பட்டேனே, மன்னிச்சுக்கங்கம்மா" என்று மேலாளர் இறங்கிப் போனார்.

குழந்தையின் தாயிடம் அவள் கிசுகிசுத்தாள். "நான் வரவே இல்லன்னு போட்டுக் கொடுக்காம இருந்தியே, நல்லா இருப்பே."

"என்னக்கா கிண்டலு? மாசாமாசம் நீங்கதானே வர்றீங்க! இன்னைக்குத்தான் உங்களுக்கு மூச்சு வாங்குது."

வேலை தப்பியது. இப்போது மாதம் பிறந்த அன்றே ஐந்து மாடியும் ஏறிவிடுகிறாள், தன்னை முந்திக்கொண்டு தானே வந்துவிடக் கூடாதே என்ற பயத்தில்.