ஒச்சாயியின் மேல்கட்டில்

ஒச்சாயி வீடு கட்டத் தொடங்கியபோது, ஒண்டிக்கட்டைக்கு எதுக்கு வீடு என்று அகரத்தில் கேட்காத ஆள் இல்லை. வீடு முடிந்து கட்டில் வந்து இறங்கியதும் அந்தக் கேள்வியை எல்லாரும் மறந்துவிட்டார்கள். ஒண்டிக்கட்டைக்கு எதுக்கு ரெண்டடுக்குக் கட்டில் என்ற புதுக் கேள்வி பிடித்துக்கொண்டது. ஊர் வாயை மூட உலைமூடி கிடைக்குமா!

பதில் அவளிடம் இருந்தது. மேல்கட்டில் மலர்விழிக்கு.

ஒச்சாயியைக் கட்டியவன் ஆறே மாதத்தில் வேறொருத்தியோடு ஊரைவிட்டுப் போய்விட்டான். அந்தக் கதை அவ்வளவுதான், அதற்குமேல் அவளும் யாரிடமும் சொன்னதில்லை. தொண்ணூற்றொன்றில் ஒரு துணிப்பையோடு வேடசந்தூர்ப் பக்கம் ஒரு நூல் மில்லில் வேலைக்குச் சேர்ந்தாள். மில்லுக்குள்ளேயே விடுதி. நீளமான ஒரே கூடம், இருபது இரும்புக் கட்டில், ஒவ்வொன்றும் ரெண்டடுக்கு, மொத்தம் நாற்பது பெண்கள். ஒச்சாயிக்குக் கிடைத்தது சன்னலோரக் கீழ்த்தட்டு. பதினாலு வருஷம் அதுதான் அவள் வீடு, வாசல், சொத்து எல்லாம்.

மூணு வருஷம் கழித்து அதன் மேல்தட்டுக்கு ரெட்டியார்சத்திரம் பக்கத்திலிருந்து மலர்விழி வந்தாள். பதினேழு வயசு, எலும்பும் தோலுமாக இருந்தாள், ஆனால் வாய் மட்டும் எட்டூருக்குக் கேட்கும். வந்த மறுநாளே ஒச்சாயிக்குக் "கீழ்வீட்டுக்காரி" என்று பேர் வைத்துவிட்டாள். ஒச்சாயியும் விடவில்லை, அவளை "மாடிவீட்டம்மா" என்றாள். ஒரே ஷிப்டு, ஒரே சோற்றுத் தட்டு. ஒருத்திக்குக் காய்ச்சல் என்றால் மற்றவள் கஞ்சி வாங்க வரிசையில் நிற்பாள்.

காலை ஷிப்டுக்குச் சங்கு ஊதினாலும் மலர் எழுந்திருக்க மாட்டாள். ஒச்சாயி படுத்தபடியே காலைத் தூக்கி மேல்தட்டின் இரும்புப் பட்டையில் ரெண்டு உதை விடுவாள். மேலிருந்து ஒரு முனகல் வரும். அதற்கப்புறம்தான் ரெண்டு பேருக்கும் பொழுது விடியும்.

ராத்திரி ஷிப்டு வாரங்களில் பகலில் தூங்க வேண்டும். வெளியே லாரி உறுமும், சுவருக்கு அந்தப்பக்கம் எந்திரம் ஓடும். அத்தனை இரைச்சலிலும் ஒச்சாயியின் காது ஒரே ஒரு சத்தத்துக்குக் காத்திருக்கும். மலர் புரண்டு படுப்பாள், பட்டைகள் கிறீச்சென்று முனகும். செத்த நேரம் கழித்து மறுபடி புரளுவாள், மறுபடி கிறீச். தலைக்குமேல் நம்ம ஆள் ஒருத்தி இருக்கிறாள் என்ற தைரியத்தில் ஒச்சாயி அசந்து தூங்கிவிடுவாள். பெற்ற தாய் வீட்டில்கூட அவள் அப்படித் தூங்கியதில்லை.

ரெண்டாயிரத்தொன்றில் மலருக்குத் திருப்பூரில் மாப்பிள்ளை அமைந்தது. போகிற அன்று ஒச்சாயியின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதாள். "நீ ஒரு வீடு கட்டுக்கா. மேல்கட்டிலு எனக்குத்தேன், வேற ஒருத்திக்கும் குடுத்துறாத" என்றாள்.

பேச்சோடு பேச்சாகச் சொன்னதுதான். ஆனால் ஒச்சாயி அதை நெஞ்சில் முடிந்துவைத்துக்கொண்டாள். அடுத்து மேல்தட்டுக்கு வந்த பெண் படுத்தால் கட்டைதான், விடியும்வரை அசைவு இருக்காது. பட்டையில் ஒரு முனகல் கிடையாது. ஒச்சாயிக்குத் தூக்கம் போனது. நாலு வருஷம் கொட்டக் கொட்ட விழித்துக் கிடந்தவள், நின்று நின்று காலும் வீங்கிப்போகவே வேலையை விட்டுவிட்டு, அகரத்தில் அப்பன் விட்டுப்போன மூணு சென்ட்டில் ஓர் அறையும் சமையல்கட்டுமாக எழுப்பினாள்.

கட்டில் எடுக்கத் திண்டுக்கல்லுக்குப் போனாள். பெரிய கடையில் தேக்குக் கட்டில், பெட்டி வைத்த கட்டில், கண்ணாடி பதித்த கட்டில் என்று வரிசையாகக் காட்டினார்கள். அவள் எல்லாவற்றையும் தடவிப் பார்த்துவிட்டு, ஒன்றின் மேல் ஒன்றாக இருக்கிற கட்டில் இருக்கிறதா என்று கேட்டாள். கடைப்பையன் சிரிப்பை அடக்கிக்கொண்டு, அதெல்லாம் சொல்லித்தான் செய்யணும் என்று கிரில் பட்டறைக்கு வழிகாட்டினான்.

பட்டறைக்காரர் அப்துல் சுக்கூர் நிதானமான மனுஷர். எத்தனை பிள்ளைகள் என்று முதலில் கேட்டார். அவள் பேச்சை மாற்றி அளவு சொல்ல ஆரம்பித்துவிட்டாள். விடுதிக் கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்தால் மண்டை இடிக்கும், பதினாலு வருஷம் குனிந்தே உட்கார்ந்தவள் அவள். அதனால் நடு உயரத்தில் ஒன்றரைச் சாண் கூட்டச் சொன்னாள். ஏணி சன்னல் பக்கம் வரணும் என்றாள். மேல்தட்டுக்குப் பலகை போட்டுத் தருகிறேன், பட்டை போட்டால் புரளும்போதெல்லாம் சத்தம் வரும் என்று சுக்கூர் எடுத்துச் சொன்னார்.

"சத்தம் வரட்டும் பாய். பட்டையே போடுங்க."

தொழில் தெரிந்த மனுஷருக்கு அது பிடிக்கவில்லை. ஆனாலும் கேட்டபடியே செய்து, பச்சை வர்ணம் அடித்து அனுப்பினார். ஒச்சாயி மேல்தட்டுக்கு இலவம்பஞ்சு மெத்தையும் பூப்போட்ட விரிப்பும் வாங்கிப் போட்டாள். தனக்குக் கீழே ஒரு பழைய ஜமுக்காளம்.

முதல்நாள் விடியக்காலையில் அரைத்தூக்கத்தில் பழக்க தோஷமாகக் காலைத் தூக்கி உதைத்தாள். கால் வெறும் காற்றில் போய்விட்டு வந்தது. தலை இடிக்கக்கூடாது என்று தானே கேட்டு வாங்கிய ஒன்றரைச் சாண்! நல்லா இருக்குடி உன் கூத்து என்று தனக்குத்தானே சிரித்துக்கொண்டாள். சிரிப்பு அடங்கியதும் வீடு ரொம்பப் பெரிசாகத் தெரிந்தது. எட்டடிக்குப் பத்தடி அறை அது.

பங்குனித் திருவிழாவுக்குத் தன் ஊருக்கு வருவதாகவும், அப்படியே இங்கே ரெண்டுநாள் தங்கிப்போவதாகவும் மலர் பக்கத்து வீட்டுப் போனுக்குத் தகவல் சொல்லியிருந்தாள். ஒச்சாயி அன்றிலிருந்து தரையில் நடக்கவில்லை. விரிப்பை ரெண்டுமுறை துவைத்தாள். வருகிற அன்று கோழி அடித்துக் குழம்பு வைத்து, தொட்டுக்க வெஞ்சனம் மூணு வகை செய்து, தாடிக்கொம்பு பஸ்ஸுக்கு வாசலிலேயே நின்றாள்.

மலர் பெருத்திருந்தாள். இடுப்பில் பவித்ரா, மூணு வயசு. வாய் மட்டும் அதே வாய். வாசலிலிருந்தே "கீழ்வீட்டுக்காரி!" என்று கத்திக்கொண்டு வந்தவள், அறைக்குள் காலை வைத்ததும் நின்றுவிட்டாள். கட்டிலையே பார்த்தாள்.

"என்னக்கா, வீட்டுலயுமா இது?"

ஒச்சாயி சிரித்துக்கொண்டே ஏணியைத் தட்டிக்காட்டினாள். மெத்தை இலவம்பஞ்சு என்றாள், உனக்காகத்தான் என்றாள். அதற்குள் பிள்ளை ரெண்டு படி ஏறிவிட்டது. மலர் பாய்ந்து போய் அதை வெடுக்கென்று இறக்கினாள். பிள்ளை வீறிட்டு அழுதது. சமாதானப்படுத்தி, சாப்பிட்டு, பிள்ளையைத் தூங்கவைக்கும்வரை மலர் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. அப்புறம் பாயில் உட்கார்ந்து, தரையைப் பார்த்தபடி சொன்னாள்.

"கோவிச்சுக்காதக்கா. ஏழு வருசம் அதுல நான் ஒருநாளும் ஒழுங்கா தூங்குனதில்ல. கண்ண மூடுனா சீலிங்கு மூஞ்சில வந்து விழுற மாதிரியே இருக்கும். எங்கம்மா நெனப்பு வந்துரும். பெரண்டு பெரண்டு அழுவேன். விடியப்போற நேரத்துலதேன் கண்ணு அசரும், உடனே நீ ஒதைப்ப."

ஒச்சாயி, "எங்கிட்டச் சொல்லிருக்கலாமில்ல?" என்று மட்டும் கேட்டாள்.

"நீதேன் நல்லாத் தூங்குவியே. எழுப்ப மனசு வரல."

அன்றிரவு மலரும் பிள்ளையும் பாயில் படுத்தார்கள். அவர்கள் தரையில் கிடக்கத் தான் கட்டிலில் ஏறுவதா என்று ஒச்சாயி அவர்கள் பக்கத்திலேயே முந்தானையை விரித்துப் படுத்தாள். மலர் படுத்ததும் தூங்கிப்போனாள், லேசாகக் குறட்டைகூட விட்டாள். ரெண்டுநாள் என்று வந்தவள், பிள்ளைக்கு இடம் ஒத்துக்கொள்ளவில்லை என்று மறுநாள் காலையிலேயே கிளம்பினாள். பஸ் நகரும்போது அக்கா, வாரேன் என்று கை ஆட்டினாள்.

வீட்டுக்கு வந்த ஒச்சாயி பாயைச் சுருட்டிவைத்தாள், பாத்திரம் விளக்கினாள். அப்புறம் சேலையைத் தூக்கிச் சொருகிக்கொண்டு, வலிக்கிற காலோடு ஏணியில் ஏறினாள். பதினாலு வருஷம் கீழ்த்தட்டில் கிடந்தவள் மேல்தட்டில் படுப்பது அதுதான் முதல்தடவை.

மல்லாந்து படுத்தாள். கூரை மூஞ்சிக்கு நேராக இருந்தது. கையை நீட்டினால் சுண்ணாம்பு ஒட்டியது. ஒருக்களித்தாள், பட்டை கிறீச்சென்றது. மறுபக்கம் புரண்டாள், மறுபடி கிறீச். இந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டுதானே தூங்கினோம், பாவி, ஒரு பச்சைப்பிள்ளை அழுகிற சத்தத்தில்தானே தூங்கினோம் என்று தன்னையே திட்டிக்கொண்டாள். அந்த ஏழு வருஷத்தில்தான், தான் தனியாள் இல்லை என்று அவள் நம்பியிருந்தாள். இப்போது பார்த்தால், ஒரே கட்டிலில் ரெண்டு தனியாள் கிடந்திருக்கிறார்கள்.

காதைக் கூர்மையாக்கிக் கேட்டாள். கீழே ஆள் இருக்கிறதா இல்லையா என்று மேலே படுத்திருப்பவளுக்குத் தெரியவே தெரியாது. கீழேயிருந்து யாராவது வாயைத் திறந்து கேட்டால்தான் உண்டு.

வெகுநேரம் கழித்து இறங்கி, தன் ஜமுக்காளத்தில் படுத்து மேலே பார்த்தாள். காலைத் தூக்கவில்லை.

"மலரு," என்றாள், "தூங்கலயா நீயி?"