சொம்பில் கரைந்த ஆறு கிராம்

கடலூர் முதுநகரில் சின்னையன் நடத்திய நிக்கல் முலாம் பட்டறையில் இருந்தது ஒரே தொட்டி. கொள்ளளவு இருநூறு லிட்டர். அவர் படித்தது எட்டாம் வகுப்பு. ஆனாலும் தன் தொழிலின் அடிப்படையை யார் கேட்டாலும் பிழையில்லாமல் சொல்வார். நிக்கல் தகடு நேர்முனையில், பாத்திரம் எதிர்முனையில். தகட்டிலுள்ள நிக்கல் அணு இரண்டு எலக்ட்ரான்களை அங்கேயே விட்டுவிட்டு, நேர்மின் அயனியாகக் கரைசலில் இறங்கும். பாத்திரத்தை அடைந்ததும் இரண்டு எலக்ட்ரான்களைப் பெற்று மீண்டும் உலோகமாகி ஒட்டிக்கொள்ளும். முனைகளை மாற்றி மாட்டினால் பாத்திரமே கரையும்.

மின்பெட்டியில் முனைக் குறிகள் எப்போதோ அழிந்துவிட்டன. பதினோரு ஆண்டுகளாக நேர்முனைக்கு அடையாளம் ஒரு குங்குமப் பொட்டுதான்.

2007 அக்டோபர் 20, சனிக்கிழமை, ஆயுத பூஜை. அவர் மனைவி புஷ்பவள்ளி கம்பிகளைக் கழற்றி, பெட்டியைத் துடைத்து, இரண்டு முனைகளுக்கும் பொட்டு வைத்துவிட்டார். திங்கள் காலையில்தான் சின்னையன் பார்த்தார்.

"ரெண்டுக்கும் ஏன் வச்ச?"

"ஒண்ணுக்கு வச்சிட்டு இன்னொண்ண வெறும் நெத்தியா உடறதா? சொல்லியிருந்தா வச்சிருக்க மாட்டேன்."

உப்புத் தண்ணீரில் இரு கம்பிகளையும் விட்டால் எதிர்முனையில் குமிழி அதிகமாக வரும். ஒரு நிமிட வேலை. அதைச் செய்யாமல் நினைவை நம்பி மாட்டினார். தொட்டியில் இறக்கியது 412 கிராம் எடையுள்ள பித்தளைச் சொம்பு. சிதம்பரத்தில் ஆசிரியையாக இருந்த ஜெயராணி கொடுத்தது. அதில் இறந்துபோன அவருடைய தாயின் பெயர், இருசம்மாள் என்று வெட்டியிருந்தது. அந்தப் பெயர் எழுதிய பொருள் வேறு எதுவும் ஜெயராணியிடம் இல்லை. புளி போட்டுத் தேய்த்துத் தேய்த்து எழுத்து ஏற்கெனவே மெலிந்திருந்தது. "பேரு போயிடாம பாத்துக்குங்கண்ணே" என்று சொல்லித்தான் கொடுத்திருந்தார்.

பதினைந்து ஆம்பியர், இருபது நிமிடம். எடுத்தபோது சொம்பு செம்மை படர்ந்து மங்கியிருந்தது. எடை 406. எழுத்து, சாய்த்துப் பிடித்தால் மட்டுமே தெரிந்தது.

"மேல முலாம் ஓட்டிக் குடுத்துடுங்க. தேஞ்ச சாமான்தானே, யாருக்குத் தெரியும்?" என்றார் புஷ்பவள்ளி.

"தராசுக்குத் தெரியுதே."

அன்றே ஜெயராணிக்குத் தொலைபேசியில் சொன்னார். பிறகு கரைசலில் கலந்த செம்பை வெளியேற்ற, நெளித்த தகரம் ஒன்றை எதிர்முனையில் கட்டி, செம்பு அதில் படியும்படி மூன்று நாள் மின்சாரம் ஓட்டினார்.

ஜெயராணி 27ஆம் தேதி, பள்ளி விடுமுறையில் வந்தார். சொம்பை வாசல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"முலாமே வாணாண்ணே. இருக்கறதாவது இருக்கட்டும்."

"தப்பு என்னுதும்மா. ஒரு வழி இருக்கு. எழுத்து மேல மட்டும் நெயில் பாலிஷ் தடவிட்டா அங்க கரண்டு போவாது, முலாம் ஏறாது. சுத்தி வெள்ளையாவும் பேரு மஞ்சளாவும் நிக்கும்."

"நெயில் பாலிஷா? எங்க அம்மா கண்ணால பாத்ததில்ல."

"செவப்புதான் வாங்கியாந்தேன்" என்றார் புஷ்பவள்ளி.

ஜெயராணி சரி என்றார். சின்னையன் ஊசி முனையால் தொட்டுத் தொட்டு எழுதினார். ஐந்து எழுத்துக்கு இரண்டே கால் மணி நேரம் ஆனது. கடைசி 'ள்' விரலுக்கும் அகப்படவில்லை.

"நீங்களே எழுதுங்க டீச்சர். நான் போட்டா கோணும்."

ஜெயராணி ஊசியை வாங்கி, மூச்சை அடக்கி எழுதி, தலையில் புள்ளி வைத்தார்.

இந்த முறை முனைகளைச் சரியாக மாட்டி முலாம் ஏற்றி, மாலை நாலரைக்குப் பாலிஷைத் துடைத்து எடுத்தார்கள். ஐந்து எழுத்துகள் பாத்திரக் கடைக்காரன் வெட்டியபடி நேராக நின்றன. ஆறாவது சற்றுப் பெரியது. ஜெயராணி கரும்பலகையில் எழுதும் 'ள்' அது.