நாலு சந்தைக்கு ஓர் எண்ணெய் ஊசி

1. முதல் நாள் திட்டு

எழுபதுகளின் கடைசியில் ஜெயங்கொண்டத்தில் ஒரு டாக்டரம்மாவின் கிளினிக்கில் நர்ஸாகச் சேர்ந்தேன். சேர்ந்த அன்றைக்கே திட்டு வாங்கினேன். எண்ணெய் ஊசி என்று நாங்கள் சொல்லும் மருந்தின் கண்ணாடி ஆம்பியூலை அப்படியே உடைத்து, மெல்லிய நீடில் மாட்டிய சிரிஞ்சில் இழுத்துப் பார்த்தேன். மருந்து ஏறவே இல்லை.

"ஏம்மா, அது என்ன தண்ணி மருந்தா? வெந்நீர்ல கொஞ்ச நேரம் வச்சு எடு. பெரிய நீடில் போடு. இடுப்புல ஆழமா, மெதுவா போடணும். நீ அவசரப்பட்டா அந்தம்மா ஒரு வாரம் உக்கார முடியாது," என்றார் டாக்டரம்மா.

அந்த மருந்தில் இரண்டு ஹார்மோன்கள் கலந்திருந்தன. ஒன்று ஈஸ்ட்ரோஜன், இன்னொன்று டெஸ்டோஸ்டிரோன். இரண்டாவது ஆம்பளைகள் சமாச்சாரம் என்றுதான் நான் படித்திருந்தேன். அதைக் கேட்டும் விட்டேன்.

"பொம்பள உடம்புலயும் அது கொஞ்சம் ஊறும்மா. வயசு ஏற ஏறக் கொறையும். மாசவிலக்கு நிக்கிற வயசுல சில பேருக்கு ரெண்டையும் சேத்துக் குடுத்தா உடம்புல தெம்பு வருது, புருஷன் மேல ஆசையும் வருது. ஆனா அளவு தாண்டுனா மீச மொளைக்கும், கொரல் தடிச்சுடும். நாலு வாரத்துக்கு ஒண்ணுதான். அதுக்கு முன்னாடி யாரு வந்து கெஞ்சுனாலும் போடக் கூடாது."

தலையை நன்றாக ஆட்டினேன். தலையாட்டுவதில் நான் என்றைக்குமே குறை வைத்ததில்லை. இதைப் படிக்கும் பெண்கள் யாரும் அந்த ஊசியைத் தேடிக் கிளம்பிவிட வேண்டாம். அன்றைக்கு அப்படிப் போட்டோம், அவ்வளவுதான்.

2. என் புத்திசாலித்தனம்

எங்களிடம் வந்த பெண்களில் பாதிப் பேருக்குத் தேதி படிக்கத் தெரியாது. "அடுத்த மாசம் வாங்க" என்றால் சிலர் பத்து நாளில் வருவார்கள், சிலர் அறுவடை முடிந்து வருவார்கள். இதற்கு நான் ஒரு வழி கண்டுபிடித்தேன். எல்லோரும் டவுனுக்கு வருவது சந்தைக்குத்தான். சந்தை வாரம் ஒரு நாள். ஆகவே ஒரு சின்ன அட்டையில் நாலு வட்டம் வரைந்து கொடுத்தேன். ஒவ்வொரு சந்தைக்கும் ஒரு வட்டத்தைக் கரியால் அடிக்க வேண்டும். நாலும் அடிபட்டால் ஊசி. பழைய அட்டையை வாங்கிக் குப்பையில் போட்டுவிட்டுப் புது அட்டை தருவேன்.

டாக்டரம்மா என்னைப் பாராட்டினார். எனக்குக் கொம்பு முளைத்துவிட்டது.

3. மேரியக்கா

வரதராஜன்பேட்டையிலிருந்து வந்த மேரியக்காவுக்கு நாற்பத்தேழு வயது. கருவாடு விற்பவர். மூன்று வீதி தள்ளிக் கேட்கும் குரல். ஈஸ்டருக்கு முந்தின தவக்காலத்தில் வெள்ளிதோறும் மாதா கோயிலில் சிலுவைப்பாதைப் பாட்டை எடுத்துக் கொடுப்பதும் அவர்தான். கல்யாணமாகி வந்த வருஷத்திலிருந்து அந்த இடம் அவருடையது.

"ஒடம்பெல்லாம் அடுப்புல வச்ச மாதிரி தீயுது டாக்டரம்மா. தூக்கமே இல்ல. எங்க வூட்டுக்காரரு பக்கத்துல வந்தாலே எரிச்சலா வருது. நல்ல மனுசன், பாவம்," என்றார். கடைசி வாக்கியத்தைச் சுவரைப் பார்த்துச் சொன்னார்.

டாக்டரம்மா முழுசாகப் பரிசோதித்துவிட்டு எண்ணெய் ஊசி எழுதினார். ஆவணியில் முதல் ஊசி போட்டேன். வட்ட அட்டையும் கொடுத்தேன்.

இரண்டாவது ஊசிக்கு வந்தபோதே அக்காவின் முகம் தெளிந்திருந்தது. "நல்லாத் தூங்குறேன் சிஸ்டர். அவருகிட்ட சிரிச்சுப் பேசுறேன். அவரே பயந்து போயிட்டாரு!" என்று சொல்லிச் சிரித்தார். சந்தை நாள், வெளியே கூட்டம் நெருக்கியடித்தது. அட்டையைப் பார்த்தேன், நாலு வட்டமும் கருப்பு. ஊசி நோட்டில் பெயரும் தேதியும் எழுதினேன். முந்தின பக்கத்தைத் திருப்பவில்லை. பிறகும் அப்படியேதான்.

கார்த்திகையில் தொண்டை கரகரக்கிறது என்றார். மழைக்காலம், சளி என்று நானே முடிவு செய்து, ஆவி பிடிக்கச் சொன்னேன். மார்கழியில் இன்னும் கம்மியது. உப்புத் தண்ணீரில் கொப்பளிக்கச் சொன்னேன். டாக்டரம்மாவிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. தொண்டை கம்மியிருந்தும் ஊசியைப் போட்டு அனுப்பினேன். இதை எழுதும்போது இன்றைக்கும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

4. ஊசி நோட்டு

தை பிறந்ததும் மேரியக்கா முந்தானையால் முகவாயை மூடிக்கொண்டு வந்தார். நேரே டாக்டரம்மாவிடம் போய் முந்தானையை விலக்கினார். முகவாயில் கருகருவென்று முடி.

"பாட்டு மேல ஏற மாட்டேங்குது டாக்டரம்மா. தவக்காலத்துக்கு இன்னும் ஒரு மாசந்தான் இருக்கு," என்றார். குரல் ஓர் ஆணின் குரல் போலத் தடித்திருந்தது.

டாக்டரம்மா ஊசி நோட்டைக் கொண்டுவரச் சொன்னார். பக்கம் பக்கமாகத் திருப்பினார். ஐந்து ஊசி இருக்க வேண்டிய இடத்தில் பத்து இருந்தது. பத்தும் என் கையெழுத்து.

"ரெண்டு வாரத்துக்கு ஒண்ணு போட்டிருக்கியே, எப்படி?"

மேரியக்காதான் பேசினார்.

"சிஸ்டர் நாலு சந்தைன்னு சொன்னாங்க. நான் சரியாத்தான் அடிச்சேன். இந்தச் சந்தை ஒண்ணு, உடையார்பாளையம் சந்தை ஒண்ணு. வாரத்துக்கு ரெண்டு எடத்துல கடை போடுறேன்ல. ரெண்டு வாரத்துல நாலு ஆயிடுதே. நான் எண்ணுனது தப்பா சிஸ்டர்?"

வாங்க வருகிறவர்களுக்கு ஒரு சந்தை, விற்க வருகிறவர்களுக்கு இரண்டு சந்தை. இந்த ஊரில் பச்சைக் குழந்தைக்கும் தெரிந்த விஷயம். அட்டை கண்டுபிடித்த மேதைக்குத் தெரியவில்லை.

"நீங்க சரியாத்தான் எண்ணுனீங்கக்கா. எத்தன சந்தைக்குப் போறீங்கன்னு நான்தான் கேக்கல. சளின்னு சொன்னதும் என் தப்புதான்," என்றேன். அழுதுவிட்டேன்.

"ஒவ்வொரு மாசமும் நான் கூப்பிட்டுப் பாத்திருக்கணும். அது என் தப்பு," என்றார் டாக்டரம்மா. பிறகு அக்காவிடம் ஒளிக்காமல் சொன்னார்: "ஊசிய நிறுத்திடுவோம். முடி கொறையலாம். கொரல் பழையபடி வரும்னு என்னால சத்தியம் பண்ண முடியாது."

மேரியக்கா கோபப்பட்டிருந்தால் தேவலை. "அப்ப இந்த வருசம் பாட்டு யாரு எடுத்துக் குடுப்பா?" என்று மட்டும் கேட்டார்.

5. வெள்ளிக்கிழமை

தவக்காலத்தின் முதல் வெள்ளிக்கிழமை சாயங்காலம் பஸ் ஏறி வரதராஜன்பேட்டைக்குப் போனேன். கோயிலின் பின்வரிசையில் நின்றேன். வேறொரு பெண் பாட்டை எடுத்துக் கொடுத்தாள். மேரியக்கா பெண்கள் கூட்டத்தின் நடுவில் வாயை இறுக மூடிக்கொண்டு நின்றார். கடைசி வரை திறக்கவில்லை.

மறு வாரமே மிச்சமிருந்த அட்டைகளை எல்லாம் கிழித்துப் போட்டேன். தேதி எழுதிய சீட்டு, நோட்டில் முந்தின ஊசியின் தேதி, இரண்டையும் பார்க்காமல் அதற்குப் பிறகு யாருக்கும் நான் ஊசி போட்டதில்லை. எந்த ஊரில் வேலை பார்த்தாலும் புதிதாக வருகிறவர்களிடம் அவர்கள் பிழைப்பு என்ன, வாரத்தில் எங்கெங்கே போவார்கள் என்று கேட்டுவிட்டுத்தான் நாள் குறிப்பேன். நம் வாரமும் அவர்கள் வாரமும் ஒன்று என்று நினைத்துவிடக் கூடாது.

முடி குறைந்தது. குரல் கொஞ்சம் தெளிந்தது, மேலே ஏறவில்லை. உடம்புச் சூடும் தூக்கமின்மையும் திரும்பி வந்தன. அதற்கு வேறு மாத்திரை எழுதினார் டாக்டரம்மா.

அடுத்த வருஷம் ஒருநாள் மேரியக்கா தன் தங்கச்சி லூர்துவைக் கையைப் பிடித்து அழைத்து வந்தார்.

"சிஸ்டர், ஒண்ணு கேக்குறேன், மறைக்காம சொல்லணும். மாசத்துக்கு ஒண்ணுன்னு போட்டிருந்தா என் கொரல் போயிருக்குமா?"

"போகாம இருந்திருக்கலாம்கா. உறுதியாச் சொல்ல முடியாது."

"இவளுக்கும் அதே தொந்தரவு. இவ பாடுறவ இல்ல. ஒரு சந்தைக்குத்தான் போறா. டாக்டரம்மா சரின்னா போடுங்க."

டாக்டரம்மா யோசித்தார். லூர்துவிடம் எல்லாவற்றையும் விளக்கி, அவர் சம்மதத்தைக் கேட்டு, பிறகு ஒரு நிபந்தனை போட்டார். ஒவ்வொரு ஊசிக்கும் முன்னால் குரலைச் சோதிக்க வேண்டும். மாறினால் அன்றோடு நிறுத்தம்.

"அத நான் பாத்துக்கறேன்," என்றார் மேரியக்கா.

அதன்படி மாதம் ஒருமுறை இருவரும் வருவார்கள். நான் தேதியைப் பார்த்துவிட்டு ஆம்பியூலை வெந்நீரில் வைப்பேன். லூர்து கூச்சத்தோடு சிலுவைப்பாதைப் பாட்டில் ஒரு வரி பாடுவார். மேரியக்கா கண்ணை மூடிக் கேட்பார். "மேல ஏறுது. போடுங்க சிஸ்டர்," என்பார், அந்தத் தடித்த குரலில். அதற்குப் பிறகுதான் ஆம்பியூலை உடைப்பேன்.