வாசலில் இரண்டு சோடிச் செருப்பு

அந்தப் படகுத்துறை அலுவலகத்தின் சுவரில் பைன் பலகையால் அடித்த ஒரு பெரிய தட்டு இருந்தது. அதில் வரிசையாகச் சிறு அறைகள், ஒவ்வொன்றிலும் ஒரு படகின் எண். படகு எடுக்க வருகிறவரின் சப்பாத்தை வாங்கி அவருடைய படகின் அறையில் வைப்போம். அவர் எங்கள் ரப்பர் காலணியோடு ஏரிக்குப் போவார். மாலையில் தட்டு வெறுமையாக இருந்தால் எல்லோரும் கரை சேர்ந்துவிட்டார்கள் என்று அர்த்தம். படகுகளை யாரும் எண்ணுவதில்லை, அவை இரண்டு துறைகளில் பிரிந்து கிடக்கும். தட்டைத்தான் நம்பினார்கள்.

மொன்றியலில் இருந்து வடக்கே இரண்டு மணித்தியால ஓட்டம். முதலாளி அம்மாவை எல்லோரும் மதாம் என்றுதான் கூப்பிட்டோம். அவருடைய தாத்தா அங்கே முதல் துறையைக் கட்டியபோது அது தேசியப் பூங்கா அல்ல. பூங்கா பிறகு வந்து ஏரியைச் சுற்றி வளைத்துக்கொண்டது. அன்றிலிருந்து அந்தக் குடும்பம் தான் பிறந்த கரையிலேயே அனுமதி கேட்டு வாழ்ந்தது. நான் இரண்டாவது கோடையாக அங்கே வேலை செய்த ஆண்டில் அனுமதி முடிய இருந்தது. விண்ணப்பத்தோடு துறையின் வரலாற்றையும் எழுதிக் கொடுக்கவேண்டும். சத்தத்தை வைத்தே மோட்டாரின் நோயைச் சொல்லும் மதாமுக்குக் காகிதம் என்றால் பயம். பல்கலைக்கழகத்தில் படிக்கிறவன் நீ, நீயே எழுது என்றார்.

ஐந்தாம் வகுப்போடு நின்ற என் அப்பா மொன்றியலில் கோட்-டெ-நெய்ஜ் பகுதி மருத்துவமனை ஒன்றில் துப்புரவு வேலை செய்தார். தொலைபேசியில் சொன்னபோது, "ஒரு குடும்பத்தின்ர சரித்திரத்தை நீயோ எழுதுறாய்?" என்று இரண்டு தரம் கேட்டார். நானும் பெருமையோடுதான் முதல் வரியை எழுதினேன்: மூன்று தலைமுறையாக இந்தத் துறையிலிருந்து போன எவரும் கரைக்குத் தெரியாமல் ஏரியில் தங்கியதில்லை.

ஓகஸ்ட் மாதத்தில் ஒரு பிற்பகல், யாழ்ப்பாணத்துக்காரர் ஒருவர் எட்டு வயது மகளோடு வந்தார். என் முகத்தைப் பார்த்ததும், "தம்பி எங்கட ஆளோ? அப்ப நல்ல படகாப் பார்த்துத் தாரும்" என்றார். பல வாரங்களுக்குப் பிறகு காதில் விழுந்த தமிழ். ஊர் கேட்டார், படிப்புக் கேட்டார், மனைவி கைக்குழந்தையோடு கூடாரத்தில் படுத்திருக்கிறா என்றார். மிதவைச் சட்டைகளை நானே இருவருக்கும் கட்டிவிட்டேன். செருப்பை மட்டும் கேட்கவில்லை. அவர்கள் வரும்போதே, ஒரு வீட்டுக்குள் நுழைகிறவர்களைப் போல, அதை வாசலில் கழற்றிவிட்டிருந்தார்கள்.

மாலை வடக்குக் காற்று எழும்பி ஏரி நுரைக்கத் தொடங்கியது. தட்டைப் பார்த்தேன், வெறுமை. எல்லோரும் வந்துவிட்டார்கள் என்று மதாமிடம் சொன்னேன். இடையில் நாலைந்து தரம் அந்த வாசலைக் கடந்திருப்பேன். கதவடியில் செருப்புக் கிடக்கிற வீட்டில் வளர்ந்த கண்ணுக்கு அதில் பார்க்க ஒன்றும் இருக்கவில்லை.

பூட்டுவதற்காக வெளியே வந்த மதாமின் கால் அவற்றில் இடறியது. பெரிய சோடி ஒன்று, இளஞ்சிவப்பில் சின்னச் சோடி ஒன்று. யாருடையவை என்று கேட்டார். என் முகத்தைப் பார்த்தவர் பதிலுக்குக் காத்திராமல் துறைக்கு ஓடினார்.

வெளிச்சம் குறைந்துகொண்டு வந்தது. மதாம் படகை ஓட்ட, நான் முன்னால் விளக்கைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அலை விளக்கை ஆட்டிய ஒவ்வொரு முறையும் கவிழ்ந்த படகு ஒன்று தெரிவது போலிருந்தது. "அண்ணை, அண்ணை" என்று தொண்டை கிழியக் கூப்பிட்டேன். ஏரி நடுவே இருந்த சிறு தீவுக்குப் பின்னாலிருந்து பதில் வந்தது, பிரெஞ்சில், ஒரு சிறுமியின் குரலில்.

மோட்டார் நின்றுபோய், காற்று அவர்களை நாணலுக்குள் தள்ளியிருந்தது. பிள்ளையின் உதடு நீலமாகியிருந்தது. அவளை எங்கள் படகுக்குத் தூக்கித் தந்த தகப்பன் என் கையைப் பிடித்துக்கொண்டு, "தம்பிக்குத் தெரியும், கட்டாயம் வருவார் எண்டு பிள்ளைக்குச் சொல்லிக்கொண்டே இருந்தனான்" என்றார். நான் ஓம் என்றேன்.

மறுநாள் அதைப்பற்றி யாரும் கதைக்கவில்லை. நான் வரலாற்றை எழுதி முடித்தேன். அந்த மாலை அதில் இல்லை, முதல் வரி அப்படியே இருந்தது. மதாம் விரல் வைத்து மெல்ல வாசித்தார். பிறகு முதல் வரியைக் குறுக்கே வெட்டி, நடந்ததை எழுதச் சொன்னார். அனுமதி கிடைக்காமல் போனால் என்றேன். பிள்ளை கரையில் நிற்கிறது, மற்றதைப் பூங்காக்காரர் பார்த்துக்கொள்ளட்டும் என்றார். எழுதிக் கொடுத்தேன். அவர் என் தவறைச் சொன்ன வாக்கியத்தை வெட்டிவிட்டு, அன்று பொறுப்பில் இருந்தவள் நான் என்று தன் கோணல் எழுத்தில் எழுதிக் கையெழுத்து வைத்தார்.

பனிக்காலத்தில் அவருடைய மகள் தொலைபேசியில் கூப்பிட்டாள். நான் மெட்ரோவுக்குப் படியிறங்கிக்கொண்டிருந்தேன். முன்பெல்லாம் பத்து ஆண்டுக்குக் கொடுத்த அனுமதியை இம்முறை ஒரே ஓர் ஆண்டுக்குத்தான் கொடுத்திருக்கிறார்கள் என்றாள். மே மாதம் நீ வருவாயா என்று அம்மா கேட்கிறா என்றாள். புவாண்ட்-கிளேரில் ஓர் அலுவலகத்தில் வேலை கிடைத்துவிட்டது என்று சொன்னேன். அவள் அதைத் திருப்பிச் சொல்வதும், பின்னாலிருந்து மதாமின் குரலும் கேட்டன. நல்லது, அவன் நன்றாக எழுதுகிறவன் என்றார்.

அப்போது எனக்கு எந்த வேலையும் கிடைத்திருக்கவில்லை.