படுத்துக் கிடந்த சுவர்

ஐலெர்ட் மாதிரி ஒரு வீம்புக்காரனை நான் பார்த்ததே இல்லை. எங்கள் கடற்கழியோரம் நிற்கும் மரவீடுகளில் பாதிக்கு மேல் தச்சனான அவன் சட்டம் அடித்தவை, என் வீடும் சேர்த்து. ஆனால் அவனும் தூராவும் கல்யாணமான நாளிலிருந்து கூட்டுறவுக் கடை மாடியில்தான் வாடகைக்கு இருந்தார்கள். "அடுத்த வருஷம் நம்ம வீடு" என்று சொல்லிச் சொல்லியே இரண்டு பேருக்கும் தலை நரைத்துப் போனது.

போன கோடையில் தூரா பொறுமை இழந்து, துரோம்சோ நகரத்தில் இருக்கும் அக்கா வீட்டுக்குக் கிளம்பிவிட்டாள். படகுத்துறையில் என் எதிரிலேயே சொன்னாள்: "முதல் பனி விழுறதுக்குள்ள சமையக்கட்டுச் சுவர் நிக்கணும். ஜன்னல்ல கடல் தெரியணும். இல்லேன்னா நான் அங்கேயே இருந்துடுவேன், ஆள விடு."

பாவி, அன்றைக்கே வேலையைத் தொடங்கிவிட்டான். காங்கிரீட் தளம் போட்டு, காயவிட்டு, ஓரமெல்லாம் தார்த்தாள் விரித்தான். தளத்தின் மேல் கட்டைகளைப் படுக்கவைத்து, சமையல்கட்டின் கடல் பக்கச் சுவரை ஜன்னல் இடைவெளியோடு ஆணியடித்து முடித்தான். முழுச் சுவரும் ஒரே சட்டம். ஏழெட்டுப் பேராவது பிடித்தால்தான் எழும்பும்.

எங்கள் ஊரில் சுவர் தூக்க யாரையும் கூப்பிடும் வழக்கம் இல்லை. தளத்தோரம் நெருப்பு மூட்டிக் காப்பிக் கெட்டிலை வைத்தால் போதும், புகையைப் பார்த்தவன் தானாக வருவான். கூப்பிட்டு வந்தால் அது கூலிவேலை என்பார்கள். ஆனால் புகையைப் பார்க்க இப்போது ஊரில் யார் இருக்கிறார்கள்? பாதி வீடுகளில் கோடைக்கு மட்டும் வரும் நகரத்து ஆட்கள். மற்றவர்கள் மீன் பண்ணையில் ஷிப்ட் வேலைக்குப் போகிறவர்கள்.

நானும் என் மனைவியும் போனோம். மூன்று பேரும் மூச்சைப் பிடித்துத் தூக்கியதில் சுவர் முழங்கால் உயரம் வந்து மறுபடி படுத்துக்கொண்டது.

"யோவ், மூணு துண்டா அறுத்துடு. ஒவ்வொண்ணா நிறுத்திடலாம்" என்றேன்.

"துண்டு போட்ட சுவரா? அவளுக்கா?"

"அப்ப பண்ணைக்கு ஒரு போன் போடுய்யா. ஓடி வருவாங்க."

"அவங்க சுவர் தூக்க எனக்கு யாராவது போன் போட்டாங்களா? நான் போகலையா?"

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அவனையே ரம்பத்தால் அறுத்திருப்பேன்! நானே போன் போடுகிறேன் என்றதற்கு, போட்டால் இனி என் முகத்தில் முழிக்காதே என்றான். நானும் போடவில்லை. தினமும் கெட்டில் கொதித்தது. மழை பிடித்துக்கொண்டது. கட்டைகள் ஊறி முறுக்கிக்கொண்டன.

முதல் பனி விழுந்த காலையில் தூரா படகில் வந்து இறங்கினாள். நேராகத் தளத்துக்கு வந்தாள். சுவர் வெள்ளையாகப் படுத்துக் கிடந்தது. ஜன்னல் சட்டத்துக்குள் காலை வைத்து, காங்கிரீட்டின் மேல் நின்று, குனிந்து பார்த்தாள்.

"கடல் தெரியலையே, ஐலெர்ட்."

"ஆள் வரல, தூரா."

"எத்தனை பேர் குறைஞ்சுது?"

"நாலஞ்சு பேர்."

"என்னைக் கூப்பிட்டிருந்தா நானும் அக்காவும் அடுத்த படகுலயே வந்திருப்போமே. அவ மகனுங்க ரெண்டு பேரும் தடிதடியா இருக்கானுங்க. நான் ஒரு முனையப் பிடிச்சிருக்க மாட்டேனாடா?"

அவள் கெட்டிலை எடுத்து, இருந்த காப்பியை நெருப்பின் மேல் ஊற்றிவிட்டு, வந்த படகிலேயே திரும்பிப் போனாள்.